சிலர் ரோஜாவை வெட்டுவார்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் ரோஜாவில் புதிதாக இரண்டு மொட்டு. சம்பந்தியிடம் காட்டவில்லை. காட்டினால், "எங்க வீட்ல இதெல்லாம் கொத்துக் கொத்தா வரும்" என்பாள். வீட்டை விற்றாயிற்று. கொத்து மட்டும் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

மருமகளின் அம்மா இங்கே குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. முழங்காலில் ஆபரேஷன், இனித் தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மகன் என் சம்மதத்தைக் கேட்கத்தான் கேட்டான். "உனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையேம்மா?" அவன் கேட்டபோது அவள் பெட்டிகள் ஹாலில் இறங்கியிருந்தன. சாப்பிட்டுக் கை கழுவினவளிடம் பசிக்கிறதா என்று கேட்கிற மாதிரி.

பேத்தியின் அறையில் அவளுக்குக் கட்டில். பால்கனியிலும் பாதி போயிற்று. துணி காயப்போடும் பக்கம் அவள் தொட்டிகள், வெயில் நிற்கும் பக்கம் என்னுடையவை. அந்த மட்டும் சரி.

பிப்ரவரி 5, வியாழன்

பேத்தி அவளை "அம்மம்மா" என்கிறாள். என்னை "பாட்டி" என்கிறாள். அவளுக்கு ரெண்டு அம்மா, எனக்கு ஒண்ணுமில்லை. வளர்த்தது யார்? காய்ச்சல் வந்தபோதெல்லாம் இடது தோளில் போட்டுக்கொண்டு இந்த ஹாலை அளந்தது யார்? அப்போது இந்த அம்மம்மா டெலிபோன் ஆபீசில் உட்கார்ந்து, "சற்றுக் காத்திருங்கள்" என்று ஊருக்கெல்லாம் தேன் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் இன்னும் போகவில்லை. உப்பை எடுத்துக் கொடுங்கள் என்பதைக்கூட தூரத்து ஊருக்கு லைன் போடுகிற மாதிரிதான் சொல்லுவாள்.

இன்று ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள் பேத்தி. ஒன்றுமில்லாததற்கு இத்தனை சிரிப்பா?

பிப்ரவரி 8, ஞாயிறு

என்ன சிரிப்பு என்று தெரிந்துவிட்டது. பேத்தி அவளையும் தொட்டிச்செடியில் சேர்த்துவிட்டிருக்கிறாள்.

தொட்டிச்செடி என்னுடைய இடம். வீட்டில் தொட்டி வைத்துச் செடி வளர்க்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து எழுதுகிற இணையதளம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். யாருக்கும் சம்பளம் இல்லை, எந்தப் பக்கமும் யாருக்கும் சொந்தமில்லை என்று முகப்பிலேயே போட்டிருக்கும். போட்டிருக்கட்டும். 'மண்தொட்டியில் ரோஜா' என்ற பக்கத்தை ஆரம்பித்தது நான். அஞ்சாம் வகுப்போடு நின்றவள், ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்திக் குத்தி, போன வருஷம் முழுக்க எழுதி வளர்த்தேன். அங்கே என் பெயர் கத்தரி. உடுப்பு ஆலையில் காலர் வெட்டும் மேசையில் நின்ற காலத்தில் கூட இருந்தவர்கள் வைத்த பட்டப்பெயர். கைக்காக வைத்தார்களா வாய்க்காக வைத்தார்களா என்று கேட்டுக்கொண்டதில்லை.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு எங்கெங்கோ இருப்பவர்கள் 'நன்றி' என்கிற பொத்தானை அழுத்துவார்கள். என் போனில் டிங் என்று ஒரு மணி அடிக்கும். இந்த வீட்டில் எனக்கு வேறு யார் நன்றி சொல்கிறார்கள்?

அவள் வைத்துக்கொண்ட பெயர் முல்லைக்கொடி. கொடி. ஆளைப் பார்த்தவர்கள் சொல்லட்டும்.

பிப்ரவரி 11, புதன்

அதற்குள் மூன்று பக்கம் எழுதிவிட்டாள். அவள் போன் ஓயாமல் அடிக்கிறது. சத்தத்தைக் குறைக்கத் தெரியாதாம்.

"அம்மம்மா எப்படி எழுதுறாங்க பாரு பாட்டி. படிச்சா செடி கண்ணு முன்னால நிக்குது" என்று பேத்தி போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். புதினாவைப் பற்றி எழுதியிருந்தாள். "புதினா விருந்தாளி போல வரும், வீட்டுக்காரி போலப் பரவும்." யாரைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிகிறது.

பிப்ரவரி 12, வியாழன்

என் பக்கத்தில் கை வைத்துவிட்டாள்.

நான் எழுதியிருந்தது: "குளிர் விலகும்போது ரோஜாவை ஒரு முழம் விட்டு மிச்சத்தை வெட்டிவிடு. தயங்காதே. வெட்டாத ரோஜா வெறும் முள்." அதைத் தூக்கிவிட்டு அவள் போட்டிருந்தது: "ரோஜாவுக்குக் கத்தி வேண்டாம். காய்ந்த குச்சியை மட்டும் விரலால் ஒடித்துவிடுங்கள். டீ வடிகட்டிய தூளைக் கழுவி வேரில் போடுங்கள். பொறுத்திருந்தால் அதுவே பூக்கும்."

டீத்தூள் போட்டால் எறும்பு வரும். இது தெரியாதவளெல்லாம் ரோஜாவுக்கு ஆலோசனை சொல்கிறாள். 'மீட்டெடு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் பக்கம் முன்பு இருந்தபடி ஆகிவிடும். அழுத்தினேன். என் வரி திரும்ப வந்தது.

டீ ஆறுவதற்குள் அவள் வரி திரும்ப வந்துவிட்டது.

பிப்ரவரி 13, வெள்ளி

நாள் முழுக்க இதே. அவள் ஹாலில் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு. நான் சமையலறை ஸ்டூலில். நடுவில் சாப்பாட்டு மேசை. நான் மீட்டால் அவள் போனில் டிங். அவள் மீட்டால் என் போனில் டிங். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசினோம், பொய் எதற்கு. டீ போடட்டுமா சம்பந்தியம்மா என்று கேட்டேன். அரைக் கிளாஸ் போதும் சம்பந்தியம்மா, சர்க்கரை கம்மியாக என்றாள். போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். குடித்துவிட்டு வடிகட்டியில் இருந்த தூளை ஒரு கிண்ணத்தில் தட்டிக்கொண்டு, நொண்டி நொண்டி என் கண் முன்னாலேயே பால்கனிக்குப் போனாள்.

சாயங்காலம் மகன் வந்து, இன்றைக்கு வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டான்.

பிப்ரவரி 14, சனி

பக்கத்தைப் பூட்டிவிட்டார்கள். மூலையில் ஒரு பூட்டுப் படம். நானும் தொட முடியாது, அவளும் தொட முடியாது. பூட்டுகிற நேரத்தில் மேலே இருந்தது யார் வரி? அவள் வரி. இதுதான் நியாயம்.

தளத்தில் சண்டை வந்தால் தீர்த்துவைக்க நடுவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர் பெயர் கள்ளிச்செடி. ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் 'பேச்சுப் பக்கம்' என்று ஒன்று உண்டு. முன்கட்டில் சிரித்துக்கொண்டு பின்கட்டில் சண்டை போடுவதற்கு. அங்கே வந்து பேசுங்கள் என்று எழுதி, விதிகளையும் போட்டிருக்கிறார். ஆளைப் பேசாதீர்கள், விஷயத்தைப் பேசுங்கள். எதிரில் இருப்பவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எதைச் சொன்னாலும் ஆதாரம் கொடுங்கள்.

ஆளை விட்டுவிட்டு விஷயத்தை எப்படிப் பேசுவது? விஷயம் என்ன, மழையாகவா பெய்கிறது? ஆளின் வாயிலிருந்துதானே வருகிறது. நல்லெண்ணமாம். பாவம், இவர் என் சம்பந்தியைப் பார்த்ததில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

பேச்சுப் பக்கத்தில் அவள் எழுதியிருக்கிறாள்: "கத்தரி அவர்களின் அனுபவத்தை மிகவும் மதிக்கிறேன். அவர் கைக்கு வெட்டுவது பழக்கம். சில செடிகளுக்கு அது ஒத்துக்கொள்ளலாம்." அவர்களாம். கைக்குப் பழக்கமாம். அதற்கு வரிசையாக நன்றி. என்ன பொறுமை, என்ன பண்பு என்று யாரோ ஒருத்தி உருகியிருக்கிறாள்.

எனக்குத் தாங்கல. எழுதித் தள்ளிட்டேன். எல்லாத்தையும்.

இந்த முல்லைக்கொடி சர்க்கரை தடவிக் குத்துகிறவள் என்று எழுதினேன். என் மகனுக்குப் பெண் கொடுப்பதற்கு முன் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தாள். மயில்கழுத்து நிறத்தில் புடவை. கைக்கடிகாரத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டியிருந்தாள். எங்கள் சமையலறைக்குள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "பரவாயில்ல. எங்க பொண்ணு அனுசரிச்சுக்குவா" என்றாள். என் வீட்டில் நின்றுகொண்டு, என் அடுப்பைப் பார்த்து. அன்றைக்கு விழுங்கினது இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது என்று எழுதினேன். ரோஜாவைப் பற்றியும் ஒரு வரி எழுதினேன் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் கள்ளிச்செடி வந்து, "பரவாயில்ல" என்கிற இடத்தில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார்.

ஆதாரம் தேவை.

பேத்திக்கே இருபது வயது ஆகிறது. அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்து நெஞ்சில் வைத்திருக்கிறேன். ஆதாரம் தேவையாம்.

பிப்ரவரி 19, வியாழன்

மருமகள் படித்துவிட்டாள். "அத்தை, அதை எல்லாரும் படிக்கிறாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கழுவின தட்டையும் திரும்பக் கழுவினாள்.

பேத்தி என் அறைப் பக்கமே வருவதில்லை. அம்மம்மாவின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இப்போது கதவைச் சாத்துவதில்லை. நான் பார்க்கட்டும் என்றுதான். பார்த்தேன். பேத்தியின் தலையைச் சம்பந்தி கோதுகிறாள். எனக்கும்தான் முழங்கால் இருக்கிறது. வலிக்கவும் செய்கிறது. நான் சொல்லிக்கொண்டு திரிவதில்லை.

சம்பந்தி மட்டும் எப்போதும் போல இருக்கிறாள். இன்றைக்கு அவள் என்னைக் கேட்டாள், டீ போடட்டுமா சம்பந்தியம்மா என்று. வேண்டாம் என்றேன்.

வேண்டும் போலத்தான் இருந்தது.

பிப்ரவரி 23, திங்கள்

புதுக் கூத்து.

காலையில் தளத்தைத் திறந்தால் என் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவள் கணக்கையும். 'உரமூட்டை' என்று ஒருவன் இருக்கிறான், எல்லாப் பக்கத்திலும் மூக்கை நுழைப்பவன். அவன் புகார் கொடுத்திருக்கிறான். கத்தரியும் முல்லைக்கொடியும் ஒரே ஆள். ரெண்டும் ஒரே வீட்டு இணைப்பிலிருந்து வருகின்றன. ஒன்று எழுதினால் மறு நிமிஷம் மற்றது பதில் எழுதுகிறது. ஒருத்தியே ரெண்டு வேஷம் கட்டி, தன்னோடு தானே சண்டை போட்டு, கூட்டம் சேர்க்கிறாள். கல்யாணக் கதைகூட ஜோடித்ததுதான் என்கிறான்.

நானும் அவளும் ஒரே ஆளாம்.

இன்னும் இருக்கிறது. கள்ளிச்செடி எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார், ரெண்டில் என் கணக்குதான் மூத்தது என்பதால். மரியாதையாகவே எழுதியிருக்கிறார். இப்படிப் பலரும் தெரியாமல் செய்வதுண்டு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "ஆமாம், இரண்டும் நான்தான்" என்று ஒரு வரி எழுதினால் போதும். முல்லைக்கொடியை மூடிவிட்டு, அந்தப் பெயரில் எழுதியதையெல்லாம் கத்தரி பெயருக்கு மாற்றிவிடுவோம். கிடைத்த நன்றிகள் உட்பட. இந்த வெள்ளிக்குள் பதில் சொல்லுங்கள்.

சம்பந்திக்கு இது தெரியாது. போனில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு அதை அணைப்பதும் போடுவதுமாக இருக்கிறாள். பேத்தியைக் கேட்கவும் முடியாது, பரீட்சை.

ஒரு வரி.

பிப்ரவரி 24, செவ்வாய்

வரப்போகிற சொத்து எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டாமா? மதியம் சம்பந்தி தூங்கும் நேரத்தில் முல்லைக்கொடி எழுதிய எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். புதினா. கற்றாழை. ஜன்னலோரத் தக்காளி. தக்காளிக்குக் குச்சி கட்டுவதைப் பற்றி, "பிடித்துக்கொள்ளக் கொடுங்கள், இழுத்துக் கட்டாதீர்கள்" என்று எழுதியிருக்கிறாள். எல்லாம் எனக்கு. வீட்டில் கேட்டால்? நானா கேட்டேன், அவங்களா மாத்திட்டாங்க என்று சொல்லிவிடலாம். உயில் எழுதாமலே வருகிற சொத்து.

கடைசியாக ஒரு பக்கம் இருந்தது. 'இடம் மாறிய செடி'. அதை யாரும் அவ்வளவாகப் பார்க்கவில்லை போல, நன்றி குறைவுதான்.

"பல வருஷம் ஒரே இடத்தில் நின்ற செடியை வேறு வீட்டுக்குக் கொண்டுபோனால் இலை கொட்டும். அது கோபம் இல்லை. பயந்துபோய்த் தண்ணீரை ஊற்றித் தள்ளாதீர்கள். அடிக்கடி திருப்பிப் பார்க்காதீர்கள். ஏற்கெனவே அங்கே இருக்கிற செடிகளின் வெயிலை மறைக்காமல் ஓரமாக வையுங்கள். பிழைத்துக்கொள்ளும்."

துணி காயப்போடும் பக்கத்தை அவளுக்கு யார் கொடுத்தது? நான் கொடுக்கவில்லை. வந்த அன்றே, யாரையும் கேட்காமல், அவளாகத்தான் கொண்டுபோய் வைத்தாள். ஈரத் துணி சொட்டுகிற இடத்தில். நான் அதை என் வெற்றி என்று எண்ணியிருந்தேன்.

இதை நான் எழுதியிருக்க வேண்டும். எனக்கு ஏன் வரவில்லை? ஆலையில் எனக்குப் பின்னால் சேர்ந்து எனக்கு முன்னால் மேற்பார்வைக்குப் போனாளே ஒருத்தி, அவள் மேல்கூட எனக்கு இப்படிப் பொறாமை வந்ததில்லை. அவள் எடுத்துக்கொண்டது நாற்காலி. இவள் வைத்திருப்பது என்ன என்று எனக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. ஆனால் எனக்கு அது வேண்டும்.

பிப்ரவரி 25, புதன்

பதில் எழுதவில்லை. அவள் இன்னும் போனை அணைத்து அணைத்துப் போடுகிறாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

எழுதிவிட்டேன்.

முதலில் 'ஆமாம்' என்றுதான் குத்தினேன். இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது. குத்தியாகிவிட்டது, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன் பூட்டிக் கிடக்கிற ரோஜாப் பக்கத்தை ஒரு தடவை பார்ப்போம் என்று திறந்தேன். "ரோஜாவுக்குக் கத்தி வேண்டாம். டீ வடிகட்டிய தூளைக் கழுவி வேரில் போடுங்கள்."

அப்போதுதான் உறைத்தது. எல்லாம் என் பெயருக்கு வரும் என்றால் இதுவும் வரும். நாளைக்கு எவளோ ஒருத்தி எறும்பு மொய்த்த தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, கத்தரி சொன்னாளே என்று நிற்பாள். காலர் மேசையில் ஒரு நூல் பிசகாத கை இது. இந்தக் கையால் டீத்தூள் போடச் சொன்னேன் என்று இருக்கலாமா?

அது மட்டுமில்லை. அந்த 'இடம் மாறிய செடி'. அதை என் பெயரில் வைத்தால் பொய்யாகிவிடும். நான் ஓரமாக நின்றதே கிடையாது. என்னைத் தெரிந்தவர்கள் யார் படித்தாலும் சிரிப்பார்கள்.

அழித்தேன். அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: "ஐயா, நாங்கள் ரெண்டு பேர். அவர் என் சம்பந்தி. ஒரே வீடு, ஒரே இணைப்பு. புதினாவைப் பற்றி அவ்வளவு அழகாக எழுத எனக்கு வராது. ரோஜாவைப் பற்றி அவ்வளவு தப்பாக எழுதவும் எனக்கு வராது."

அனுப்பிவிட்டு அவளிடம் போய்ச் சொன்னேன், போனில் ஒன்றும் கோளாறு இல்லை, அணைப்பதை நிறுத்துங்கள் என்று.

மார்ச் 1, ஞாயிறு

ரெண்டு பேரையும் சேர்த்து ஒரே நேரத்தில் வீடியோவில் பார்க்க வேண்டும் என்று கள்ளிச்செடி கேட்டிருந்தார். பேத்தி போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தாள். சம்பந்தி தலை வாரிப் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்துவிட்டு நானும் போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.

கள்ளிச்செடி என்றால் பெரிய படிப்பாளியாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். சாவி செய்கிறவர். கடையில் உட்கார்ந்துதான் பேசினார், பின்சுவர் முழுக்கச் சாவிகள். உங்களில் கத்தரி யார் என்று கேட்டார்.

"பார்த்தா தெரியலையா?" என்றாள் சம்பந்தி.

அதற்குப் பிறகு அவர் இருப்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. ரோஜாவில் ஆரம்பித்து, எறும்புக்குப் போய், கிண்ணத்துக்குப் போய், கடைசியில் எங்கே போகுமோ அங்கே போனது. சமையலறையைப் பார்த்துச் சொன்னீங்களா இல்லையா என்று கேட்டேன். மழுப்புவாள் என்று நினைத்தேன்.

"சொன்னேன்" என்றாள். "ஆனா சமையலறையைப் பார்த்துச் சொல்லல. என் பொண்ணு எங்க வீட்ல ஒரு தட்டை நகர்த்த மாட்டா. இவங்க முகத்தைப் பார்த்தேன், பயந்துட்டேன். வேணாம்னு சொல்லிடுவாங்களோன்னு. அனுசரிச்சுக்குவா, சேர்த்துக்கோங்கன்னு கெஞ்சினேன்."

கதவருகில் நின்ற மருமகள், "அம்மா" என்று பல்லைக் கடித்தாள்.

"கெஞ்சுறவங்க பரவாயில்லன்னா சொல்லுவாங்க?" என்றேன் நான்.

"அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு கிடந்துச்சு. நீங்க கூச்சப்பட்டுத் துடைக்க ஓடினீங்க. பரவாயில்லன்னேன்."

பால் பொங்கினது நிஜம். எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கும். எந்தத் துணியால் துடைத்தேன் என்பதுகூட. ஆனால் அவள் அந்தப் பாலுக்குத்தான் சொன்னாள் என்று ஒருநாளும் தோன்றவில்லை. இருக்கலாம். ஆதாரம் தேவை.

கள்ளிச்செடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "போதும்மா" என்றார். "தனி ஆளா இப்படிச் சண்டை போட முடியாது. நீங்க ரெண்டு பேருதான்."

மார்ச் 3, செவ்வாய்

தீர்ப்பு வந்துவிட்டது. கணக்குகளைத் திறந்துவிட்டார்கள். ரோஜாப் பக்கத்தில் இப்போது இருப்பது இது: "சிலர் குளிர் விலகும்போது ரோஜாவை வெட்டுவார்கள். சிலர் வெட்டுவதில்லை." நாங்கள் ரெண்டு பேரும் ஒரே ரகத்தில் ஆளுக்கொரு செடி வைத்து, ஒரே வெயிலில், அவரவர் முறையில் வளர்த்து, படம் எடுத்துப் போட வேண்டும். ரெண்டும் பூக்கும்வரை அந்தப் பக்கத்தைத் தொடக் கூடாது.

சிலர். ஒரு வருஷம் ஒற்றை விரலால் குத்தினவள் சிலர் ஆகிவிட்டேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, 'தயங்காதே' இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வாய்விட்டுப் புலம்பினேன் போலிருக்கிறது. "நீங்களாவது முதல் சிலர். நான் ரெண்டாவது சிலர்" என்றாள் சம்பந்தி சோபாவிலிருந்து. யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மார்ச் 9, திங்கள்

மகன் ரெண்டு செடி வாங்கி வந்தான். ரெண்டையும் வெயில் பக்கத்தில் வைத்தோம். இடம் போதவில்லை, அதனால் என் துளசியையும் செம்பருத்தியையும் துணிப் பக்கம் நகர்த்தினேன். ஒரே வெயில் வேண்டும் என்று நடுவர் எழுதியிருக்கிறார். அதற்காகத்தான். வேறு ஒன்றுமில்லை.

என் செடியை ஒரு முழம் விட்டு வெட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 28, சனி

சம்பந்தி சின்ன மகள் வீட்டுக்குப் புறப்பட்டுப் போனாள். அங்கே பேரக்குழந்தை பிறந்திருக்கிறது, ஒரு மாதம் இருந்துவிட்டு வருவாள்.

கைத்தடியோடு பால்கனிக்கு வந்து, என் செடியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். தண்ணீர் ஊற்றுவேன், டீத்தூள் போட மாட்டேன் என்றேன்.

"அது போடலைன்னா அப்புறம் அது என் செடி இல்லையே சம்பந்தியம்மா."

பேத்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னை எப்போது அப்படிக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று யோசித்தேன். நான் எங்கேயும் போவதே இல்லை. அதனால்தானோ?

ஏப்ரல் 2, வியாழன்

அவள் தொட்டியில் டீத்தூள் போட்டேன். கழுவித்தான் போட்டேன். எறும்பு வருகிறதா என்று பார்ப்பதற்காக.

ஏப்ரல் 13, திங்கள்

அவள் செடியில் மாவுப்பூச்சி. இலைக்கு அடியில் பஞ்சு பஞ்சாக. என் செடியில் இல்லை.

சும்மா இருந்தால் போதும். பத்து நாளில் செடி போய்விடும். நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கும். நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேத்தி எட்டிப் பார்த்து, என்ன பாட்டி பண்றே என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

பிறகு சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வோர் இலையாகத் திருப்பித் துடைத்தேன். பேத்தியும் வந்து பக்கத்தில் குந்தினாள். கீழ் இலைகளை அவள் துடைத்தாள். பூச்சியால் நான் ஜெயித்தால் அது பூச்சியின் ஜெயம், என்னுடையது இல்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். இடது தோள்.

எறும்பு இன்னும் வரவில்லை. வரலாம்.

ஏப்ரல் 29, புதன்

இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறாளாம். அந்தப் புதுக் குழந்தை அவளைப் பார்த்தால்தான் சிரிக்கிறதாம். சிரிக்கும். எல்லோரும்தான் சிரிக்கிறார்கள்.

மே 7, வியாழன்

ரெண்டும் பூத்துவிட்டன. என் செடியில் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். அவள் செடியில் சின்னச் சின்னதாகக் கொத்துக் கொத்தாக. சொன்னாளே, அப்படியே.

ரெண்டையும் படம் எடுத்துத் தளத்தில் போட்டேன். காலையிலிருந்து அவள் செடியின் படத்துக்குத்தான் நன்றி அதிகம். அது பூத்தது யார் கையால் என்று படத்தில் எழுதவா முடியும்?

படம் வந்ததும் ரோஜாப் பக்கத்தின் பூட்டை எடுத்துவிட்டார்கள். மத்தியானம் திறந்தால் உரமூட்டை வேலை செய்திருக்கிறான். "சிலர் வெட்டுவதில்லை" என்பதைத் தூக்கிவிட்டான். "சிலர்" என்பதையும் தூக்கிவிட்டான். "குளிர் விலகும்போது ரோஜாவை வெட்ட வேண்டும்" என்று ஒரே வரி. பக்கத்தில் காரணம் போட்டிருக்கிறான்: வெட்டாமல் விடுவது கிழவி பேச்சு.

நான் கேட்டது அதுதான். மூன்று மாதமாக நான் கேட்டது அந்த ஒரு வரிதான். படித்துக்கொண்டே இருந்தேன். என் பேச்சு, யாரோடும் பங்கு இல்லாமல், தனியாக நிற்கிறது.

மீட்டெடு என்பதை அழுத்தினேன். ரெண்டு சிலரும் திரும்ப வந்தார்கள். காரணம் கேட்கிற கட்டத்தில் ஒற்றை விரலால் குத்தினேன்: "ஆதாரம் படத்தில் இருக்கிறது. முல்லைக்கொடி சொல்வதைத் தப்பு என்று சொல்ல இந்த வீட்டிலேயே ஆள் இருக்கிறது. வெளியாள் வேண்டாம்."

கொஞ்ச நேரத்தில் டிங். முல்லைக்கொடி உங்களுக்கு நன்றி தெரிவித்துள்ளார். ரயிலில் வந்துகொண்டே பார்த்திருக்கிறாள் போல. அவளிடமிருந்து எனக்கு இதுதான் முதல் தடவை. பதிலுக்கு நான் அழுத்தவில்லை. அவளுக்குத்தான் ஏற்கெனவே நிறைய இருக்கிறதே.

சாயங்காலம் வந்துவிடுவாள். டீ போட்டேன். வடிகட்டின தூளைக் கொட்டவில்லை, கிண்ணத்தில் எடுத்து வைத்திருக்கிறேன்.